ஜப்பான்காரி கேட்ட கேள்வி

ஆகஸ்ட் 11, திங்கள்

பேராச்சி காலை வண்டியில் சென்னையிலிருந்து வந்து இறங்கினாள். பையை வாங்கக் கை நீட்டினேன், உடனே கொடுத்துவிட்டாள். இதுதான் முதல் சந்தேகம். என் மகள் தன் பையை யாரிடமும் கொடுக்கிறவள் இல்லை. ஆட்டோவில் ஏறும்போது கையை ஊன்றி மெதுவாக உட்கார்ந்து, கடைசியில் காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொண்டாள்.

"என்னட்டி, என்ன ஆச்சு?"

"ஆபீஸ்ல பார்சல் கட்டு சரிஞ்சி மேல விழுந்துட்டுப்பா. லீவு குடுத்திருக்காவ."

கூரியர் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள் மேல் பார்சல் எப்படி விழும்? நான் அரசு பஸ்ஸில் செக்கிங் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். டிக்கெட் வாங்காதவன் திருதிருவென்று முழிப்பான் என்று சினிமாவில் காட்டுவார்கள். அப்படியெல்லாம் இல்லை. அவன் ரொம்ப நிம்மதியாக ஜன்னலுக்கு வெளியே வேடிக்கை பார்ப்பான். பேராச்சி வீடு வந்து சேரும்வரை வெளியேதான் பார்த்துக்கொண்டு வந்தாள்.

சொர்ணம் அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்கவில்லை. மகள் தும்மினாலே பாளையங்கோட்டையைக் கூட்டிவிடுகிற என் மனைவி, "வா, தோசை ஊத்துதேன்" என்று உள்ளே போய்விட்டாள். இது இரண்டாவது சந்தேகம்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மோட்டார் ஓடவில்லை. மேல்தொட்டியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது. எலெக்ட்ரீஷியன் இதோ வருகிறேன் என்றான், வரவில்லை.

மதியம் பேராச்சி போனில் பேசியது காதில் விழுந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. அவள் அறை ஜன்னலுக்கு வெளியே செம்பருத்திக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"சரி மாஸ்டர்... இல்ல மாஸ்டர், போன தடவ பெட் சரியா போடல, அதான் இவ்வளவும். இந்தத் தடவ நீங்களே பக்கத்துல நின்னு போடுங்க... அப்பாவுக்குத் தெரியாது மாஸ்டர்."

இதற்கு மேல் எழுதக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

மாசானமுத்துவைப் பார்க்கப் போனேன். நான் செக்கராக இருந்தபோது அவர் டிரைவர். இப்போது இரண்டு பேரும் சும்மா இருக்கிறோம்.

"ஓய், மாஸ்டர்னா யாரெல்லாம்வே?"

"டீ மாஸ்டர், பரோட்டா மாஸ்டர், டெய்லர், டான்ஸ் சொல்லிக் குடுக்கவரு, எல்லாரும் மாஸ்டர்தான். உமக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டேன்."

"நீரு சும்மா ஒண்ணும் கேக்க மாட்டீரே" என்றார். அவருக்கும் என்னோடு பழகிப் பழகிச் சந்தேக புத்தி வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது பேராச்சியின் கையைக் கவனித்தேன். முழங்கைக்குக் கீழே நீலம் பாய்ந்திருக்கிறது. மணிக்கட்டில் யாரோ இறுக்கிப் பிடித்த மாதிரி தடம். பரோட்டா மாஸ்டர்தான். அடித்து வீசியே பழகின கை. அவன் எந்த ஊர்க்காரனாக இருந்தாலும் சரி, நான் நேரில் போகத்தான் போகிறேன். என் பிள்ளை மேல் கை வைத்தவனை நினைக்க நினைக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

சொர்ணத்திடம் கேட்டேன். "இவளுக்குச் சென்னையில யாரு கூடயும் பழக்கம் உண்டுமா?"

"என்னத்த அப்பிடிக் கேக்கிய? பிள்ள நாலு நாள் நிம்மதியா இருந்துட்டுப் போகட்டும்" என்று மோர் ஊற்றினாள். மோர் இலையைத் தாண்டி ஓடியது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெருமுனையில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்கள். எலெக்ட்ரீஷியன் இன்று லீவாம்.

பேராச்சி நாள் முழுக்க போனைப் பார்த்துக்கொண்டு படுத்தே கிடக்கிறாள். சில நேரம் சிரிக்கிறாள். சில நேரம் முகம் விழுந்துவிடுகிறது. அவள் குளிக்கப் போனபோது கட்டில் மேல் போன் திறந்து கிடந்தது. நான் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தேன்.

காதலன் எழுதிய மாதிரி ஒன்றும் இல்லை. "உச்சிமாடி" என்று ஒரு சினிமாவைப் பற்றிப் பார்த்தவர்கள் எழுதின அபிப்பிராயங்கள். போன வாரம் வந்த படமாம். கதாநாயகன் பெரிய கட்டடத்தில் ஒவ்வொரு மாடியாக ஏறுகிறான், மாடிக்கு மாடி ஆட்களை அடித்துக் கொல்கிறான். இதைப் படித்து இவளுக்கு என்ன ஆகவேண்டும்? பரோட்டா மாஸ்டர் சினிமாப் பைத்தியமோ?

ஆகஸ்ட் 16, சனி

என் போனிலும் அதைத் தேடி எடுத்துவிட்டேன். காலையிலிருந்து படித்தேன். சிலவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

"ரத்தத்தை பக்கெட்ல மோந்து ஊத்திருக்காங்க. தியேட்டரை விட்டு வெளிய வந்து என் சட்டையப் பாத்துக்கிட்டேன்."

"குடும்பத்தோட போனேன். குடும்பம் இப்ப என்கூட பேசுறதில்ல."

"ஹீரோ அடிச்சா செவுரு உடையுது. கொத்தனார் யாருய்யா?"

"தெரிக்க விட்டிருக்காங்க!!" இதை வேறு வேறு பெயரில் மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். மூன்று பேருமே 'தெறிக்க' என்பதைத் தப்பாகவே எழுதியிருக்கிறார்கள். ஒரே ஆள்தான், படக் கம்பெனியில் சம்பளம் வாங்குகிறவனாக இருக்கும்.

"சண்டைன்னா இதுதான் சண்டை. கயிறு தெரியல, டூப்பு தெரியல. அந்த ஏழாவது மாடி ஜப்பான்காரி மட்டும் வேற லெவல்."

இந்த ஏழாவது மாடி ஜப்பான்காரியைப் பற்றித்தான் பாதிப் பேர் பேசுகிறார்கள். முகமூடி போட்ட கொலைகாரியாம். ஜப்பானிலிருந்தே வீராங்கனையை வரவழைத்ததாக விளம்பரம் செய்திருக்கிறார்கள். "அது பொம்பளையே இல்ல, ஒல்லியான ஆம்பள" என்கிறான் ஒருவன். கண்ணாடியை உடைத்துக்கொண்டு கீழே விழும்போது அவள் "எப்போ?" என்று கேட்கிறாளாம். அது என்ன கேள்வி என்று ஒரு பெரிய கூட்டமே மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது.

"எப்போ? அதாவது, பேசின பணம் எப்போ வரும்னு வில்லனைக் கேக்குறா."

"ரெண்டாம் பாகம் எப்போன்னு நம்மகிட்ட கேக்குறா. டைரக்டர் டச்!"

"ஜப்பான் பாஷையில அதுக்கு வேற அர்த்தம்." "சும்மா அடிச்சு விடாத."

படித்துக்கொண்டே வந்தவன் அந்த 'எப்போ'வில் நின்றுவிட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தேன். ஒன்றுமில்லை. மத்தியானச் சாப்பாடு லேட்டானதில் லேசாகத் தலை சுற்றியது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மோட்டார் சரியாகிவிட்டது.

ஆகஸ்ட் 18, திங்கள்

பென்ஷன் விஷயமாக ஆபீஸ் வரைக்கும் போகிறேன் என்று சொல்லிவிட்டு, ஜங்ஷன் பக்கம் தியேட்டருக்குப் போனேன். பகல் காட்சி. கல்லூரிப் பையன்கள்தான் கூட்டம்.

நான் பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன். ஆறாவது மாடிக்குள் கணக்கில்லாத பேர் செத்தார்கள். படிக்கட்டெல்லாம் ரத்தம். அதில் ஒருத்தனும் வழுக்கி விழவில்லை. அங்கேயே எனக்குப் படத்தின் மேல் நம்பிக்கை போய்விட்டது. பக்கத்துப் பையன் பாப்கார்னைத் தின்றுகொண்டே "அடி! அப்படித்தான்!" என்று கத்தினான்.

ஏழாவது மாடியில் கதவு திறந்தது. கறுப்பு உடையில் அவள் நின்றாள். கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணை நான் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தேன். இடது தோள் ஒரு சொட்டு கீழே இறங்கியிருந்தது. பேராச்சி காலேஜில் ஜூடோ ஆடினாள். ஒரு போட்டியில் அந்தப் பக்கம் காறை எலும்பு உடைந்து, சேர்ந்தபோது அப்படிக் கொஞ்சம் இறங்கியே சேர்ந்துவிட்டது. இனி வேண்டாம் என்று சொன்னேன், சரி என்று விட்டுவிட்டாள். விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

தோள் இறங்கினவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர். அதை வைத்து ஒருத்தரை முடிவு செய்ய முடியாது.

சண்டை நன்றாக இருந்தது. எழுதினவர்கள் அதில் பொய் சொல்லவில்லை. அவள் ஒருத்தனை இடுப்பில் வாங்கித் தூக்கிப் போட்டாள். சுவரில் கால் வைத்து ஏறித் திரும்பினாள். கதாநாயகன் ஓங்கி உதைத்தான். கண்ணாடியை உடைத்துக்கொண்டு வெளியே போனவள், முதுகு அடிபட ஒரு கார் மேல் விழுந்தாள். விழும்போது கத்தினாள்.

தியேட்டர் முழுக்க ஒரே குரலாக "நாளைக்கு!" என்று பதில் சொல்லிச் சிரித்தது. இதற்கென்றே திரும்பத் திரும்ப வருகிறார்களாம்.

அவள் ஒன்றும் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவை எப்பா என்போம். தூரத்திலிருந்து கூப்பிட்டாலோ பதறிக் கூப்பிட்டாலோ அது எப்போ என்று நீளும். இந்தச் சின்ன விஷயம் தெரியாமல் ஊரே கேள்விக்குறி போட்டுக்கொண்டு அலைகிறது. வலித்தால் எல்லாப் பிள்ளைகளும் அம்மாவைத்தான் கூப்பிடும். சைக்கிளிலிருந்து விழுந்தாலும் கதவிடுக்கில் விரல் நசுங்கினாலும் என் மகள் என்னைத்தான் கூப்பிடுவாள். சொர்ணத்துக்கு அதில் இன்றைக்கும் மனக்குறை உண்டு. "பெத்தவ நான், கூப்பிடுகது உங்களையாக்கும்" என்பாள்.

நான் எழுந்து நின்றிருக்கிறேன். பின்னால் இருந்தவன் "பெருசு, உக்காரு" என்று சொன்ன பிறகுதான் தெரிந்தது. உட்காரவில்லை, வெளியே வந்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் எத்தனை பஸ்ஸை விட்டேன் என்று தெரியாது.

எல்லாருக்கும் நடிப்பாகத் தெரிந்தது. எனக்கு என் பிள்ளையின் குரல் தெரியும். அது நிஜமாக அடிபட்ட குரல்.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

குடையைத் தியேட்டரிலேயே விட்டுவிட்ட மாதிரி ஞாபகம். தேடப் போனேன். தேடப் போன இடத்தில் டிக்கெட் எடுக்காமல் உள்ளே விடமாட்டேன் என்றார்கள். முழுப் படமும் பார்க்கும்படி ஆகிவிட்டது. அந்த இடம் வந்தபோது நான் வாய் விட்டு "என்னட்டி" என்று சொல்லிவிட்டேன். முன் சீட்டுப் பையன் திரும்பிப் பார்த்தான்.

குடை வீட்டில்தான் இருக்கிறது.

ஆகஸ்ட் 20, புதன்

பஸ்ஸில் ஒருத்தனைப் பிடிக்க வேண்டுமானால் டிக்கெட்டைக் கேட்கக் கூடாது. எங்கே ஏறினாய் என்று திடீரென்று கேட்க வேண்டும். சொர்ணம் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பின்னால் போய் நின்று கேட்டேன்.

"ஏழாவது மாடியில இருந்து விழுந்தவ எது மேல விழுந்தா?"

"காரு மேல" என்றவள் கீரையைக் கீழே போட்டுவிட்டாள். "எந்தக் காரு? என்ன கேக்கிய? எனக்கென்ன தெரியும்?"

"எவ்வளவு நாளா தெரியும்?"

அவள் ஈரக்கையைப் புடவையில் துடைத்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "மொதல்ல இருந்தே தெரியும். கூரியர் கம்பெனியே கெடையாது. ஸ்டண்ட் யூனியன்ல கார்டு வாங்கி நாலு வருஷமாச்சு. உங்ககிட்டச் சொன்னா நிறுத்திப்போடுவியன்னு பயந்தா."

"நிறுத்தத்தான் செய்வேன்."

"அதான் சொல்லல." கீரையை மறுபடி பொறுக்க ஆரம்பித்தாள். "அவகிட்ட எதுவும் கேட்டுராதிய. அவளா சொல்லட்டும். இந்த ஒண்ணு மட்டும் எனக்காகச் செய்யுங்க."

மாஸ்டர் என்றால் சண்டை மாஸ்டர். பெட் என்றால் விழுவதற்குக் கீழே போடுகிற மெத்தை. மணிக்கட்டில் நான் பார்த்தது கயிறு இறுக்கின தடம். பரோட்டா மாஸ்டர்கள் என்னை மன்னிக்க வேண்டும். என் வீட்டில் இரண்டு பேர் நாலு வருஷமாக டிக்கெட் இல்லாமல் போயிருக்கிறார்கள், நான் முன் சீட்டில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டு வந்திருக்கிறேன். எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆத்திரத்துக்கு அடியில் இருப்பது ஆத்திரம் இல்லை என்பதும் தெரிகிறது.

கேட்கவில்லை. சொர்ணத்துக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 21, வியாழன்

நேரில் கேட்கக் கூடாது என்றுதானே பேச்சு. அபிப்பிராயம் எழுதுகிற இடத்தில் யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். என் போனில் பெயர் 'கோமதி' என்று பாதிதான் இருக்கிறது. கோமதிநாயகம் என்று முழுதாகப் போடாததும் நல்லதுக்குத்தான். யாருக்கும் அடையாளம் தெரியாது. இந்தப் போன் வாங்கினபோது பேராச்சிதான் இதையெல்லாம் போட்டுக் கொடுத்தாள்.

எழுதினேன்: "ஏழாவது மாடியில் விழுந்த பெண்ணுக்கு உண்மையில் அடிபட்டதா? தெரிந்தவர்கள் சொல்லவும்."

"கோமதி அக்கா, அது சினிமா" என்று ஒருவன். "அக்கா ரொம்ப பாவம்" என்று ஒருவன். சாயங்காலம் வரைக்கும் இப்படித்தான்.

பிறகு 'பஞ்சுமெத்தை' என்ற பெயரில் ஒருவர் எழுதினார். "பட்டது. மெத்தையில கொஞ்சம் தள்ளி விழுந்துட்டா."

ஆகஸ்ட் 22, வெள்ளி

நான் கூடத்தில் இருக்கிறேன். அவள் அறையில் இருக்கிறாள். நடுவில் ஒரு கதவு. இரண்டு பேர் கையிலும் போன். சொர்ணம் இரண்டு பக்கமும் காப்பி கொண்டுபோகிறாள்.

"எங்கே அடி?"

"முதுகெலும்புல சின்ன விரிசல். அது தெரியாம வலி மாத்திரை போட்டு ரெண்டு மூணு படம் பண்ணிட்டா. இப்பதான் டாக்டர் பாத்துச் சொன்னாரு."

"அந்தக் குரலை ஏன் மாற்றவில்லை? எல்லோரும் சிரிக்கிறார்களே."

"டப்பிங்ல நாலஞ்சு பேரைக் கத்த வச்சுப் பாத்தாங்களாம். எதுவும் ஒட்டல. அசலே இருக்கட்டும்னு டைரக்டர் சொல்லிட்டாரு. அவளுக்கு அதுல வருத்தம் கெடையாது."

"பெண்ணின் வீட்டில் இது தெரியுமா?"

அறைக்குள் கட்டில் கிறீச்சிட்டது.

"அம்மாவுக்குத் தெரியும். அப்பா ரொம்பச் சந்தேகப்படுவாரு. ஆனா சரியான ஆளைச் சந்தேகப்பட மாட்டாரு."

ஊடே ஒருவன் புகுந்து "என்னய்யா இது, ரெண்டு பேரும் ஜப்பான் எம்பசியா?" என்று எழுதினான். அதற்கு அறுபது பேர் சிரித்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

சொர்ணம் துணி மடிக்கும்போது போகிறபோக்கில் சொன்னாள். அடுத்த மாதம் ஒரு படமாம். அதில் பேராச்சிக்கு முகமூடி கிடையாதாம். பெயர் வைத்த பாத்திரம், வசனம்கூட உண்டாம். முடிவில் ஒரு பாலத்திலிருந்து விழ வேண்டுமாம். டாக்டர் மூன்று மாதம் அசையக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். மாஸ்டரிடம் இவள் முதுகு சரியாகிவிட்டது என்று சொல்லி வைத்திருக்கிறாள்.

"நீ என்ன சொன்ன?" என்றேன்.

"நான் என்ன சொல்ல? நாலு வருஷமா மூஞ்சி தெரியாம விழுந்துட்டா. ஒரு தடவ மூஞ்சி தெரிய விழணும்னு ஆசப்படுதா." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "எனக்கும் பயமாத்தான் கெடக்கு."

நான் கூடத்துக்குப் போய் எழுதினேன். "முதுகு ஆறும்வரை போகக்கூடாது என்று அந்தப் பெண்ணின் தகப்பனார் சொன்னால் அவள் கேட்பாளா?"

பதில் இல்லை. இரவுச் சாப்பாட்டுக்கும் அவள் வெளியே வரவில்லை, தட்டு உள்ளே போனது.

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் பார்த்தேன். பஞ்சுமெத்தை எழுதியிருந்தது: "அவரு நேர்ல வந்து சொன்னா கேப்பா."

ஆகஸ்ட் 26, செவ்வாய்

நேற்று போகவில்லை. நேற்று ரேஷன் கடைக்குப் போகவேண்டி இருந்தது. பாமாயில் வந்திருந்தது.

இன்று போனேன். அவள் கட்டிலில் சாய்ந்திருந்தாள், இடுப்பில் அகலமான பட்டை. அதை இத்தனை நாள் துண்டால் மூடியே வைத்திருந்தாள், இன்று மூடவில்லை. நான் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"படம் பாத்தியளா?" என்று அவளே கேட்டாள்.

"ரெண்டு தடவ."

"நல்லா விழுந்தேனா?"

இப்படி ஒரு கேள்வியை எந்தத் தகப்பனிடமும் எந்த மகளும் கேட்டிருக்க மாட்டாள். "நல்லா விழுந்த" என்றேன். "இந்தத் தடவ போவாண்டாம் மக்ளே. முதுகு போச்சுன்னா அப்புறம் எந்திரிக்கவே முடியாது. அதட்டிச் சொல்லல. கேட்டுக்கிடுதேன்."

என் சர்வீஸில் யாரிடமும் நான் கெஞ்சியது கிடையாது.

"சரிப்பா" என்றாள். உடனே சரி என்கிறவர்களை நான் நம்புவதில்லை. அதனால் எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்தாள். என் எதிரிலேயே பேசினாள்.

"மாஸ்டர், நான் பொய் சொல்லிட்டேன். முதுகு ஆறல. என்னால வர முடியாது... ஆமா மாஸ்டர்... தெரியும் மாஸ்டர்... சரி மாஸ்டர், நீங்க வேற பொண்ணைப் பாத்துக்கிடுங்க."

அவ்வளவு சின்னப் பேச்சு. ஒரு திட்டு, ஒரு வருத்தம், ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பக்கம் வேறு பெண் தயாராகவே இருந்திருப்பாள் போல.

போனைத் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டு, "அம்மாட்ட தோச கேளுங்கப்பா, பசிக்கி" என்றாள். மூன்று தோசை சாப்பிட்டாள். சட்னியில் உப்பு இல்லை என்றாள். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். தொட்டி காலியாகிற அளவுக்குத் தண்ணீர் ஓடியது. சொர்ணமும் நானும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. இதில் எனக்குச் சந்தோஷம் இல்லை.

ஆகஸ்ட் 27, புதன்

விநாயகர் சதுர்த்தி. கொழுக்கட்டை. பேராச்சி ஒன்றுதான் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

இரண்டு நாளாக ஒரே யோசனை. அவள் இழந்தது பாலத்திலிருந்து விழுகிற பாக்கியத்தை அல்ல. முகத்தை. பெயரை. அதை நான்தான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என்னால் ஒரு சினிமா எடுத்துக் கொடுக்க முடியாது. ரிப்போர்ட் எழுத முடியும்.

"ஒம்பேரப் போட்டு எழுதட்டுமா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். வந்த நாளிலிருந்து அவள் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை. "ஒருத்தரும் நம்ப மாட்டாவப்பா."

"நம்பாட்டாப் போறானுவ. ஒனக்கு இடைஞ்சல் வருமா?"

"வந்தா வரட்டும். மூணு மாசம் சும்மாதான கெடக்கப் போறேன்."

எழுதினதை இங்கேயும் பதிவு செய்கிறேன்.

"மேற்படி படத்தில் ஏழாவது மாடியில் சண்டையிட்டு விழுந்தவர் ஜப்பான் நாட்டவர் அல்லர். பெயர் கோ. பேராச்சிசெல்வி. ஊர் பாளையங்கோட்டை. ஜூடோவில் மாநில அளவில் பதக்கம் பெற்றவர். விழும்போது முதுகெலும்பில் காயம்பட்டு, தற்சமயம் ஓய்வில் இருக்கிறார். அவர் 'எப்போ' என்று எதையும் கேட்கவில்லை. அங்கே கேள்விக்குறி போடுவது தவறு. அவர் என்னைக் கூப்பிட்டார். இப்படிக்கு, அவருடைய தகப்பனார், கோமதிநாயகம், செக்கிங் இன்ஸ்பெக்டர் (ஓய்வு)."

ஆகஸ்ட் 30, சனி

காலையிலிருந்து பதில்கள் வந்தபடி இருக்கின்றன.

"கோமதி அக்கா திடீர்னு அப்பாவாயிட்டாங்க."

"ஆதாரம் எங்க அங்கிள்?"

"அப்படின்னா அந்த ஹீரோ என் சித்தப்பா. நம்புங்க."

"விளம்பரத்துக்கு என்னெல்லாம் பண்றாங்க. எவ்வளவு வாங்கினீங்க பெருசு?"

"முகமூடி போட்ட பொண்ணை எப்படி அடையாளம் கண்டுபிடிச்சீங்க? கதை விடாதீங்க."

இத்தனை சந்தேகப் பேர்வழிகளை நான் எந்த பஸ்ஸிலும் பார்த்ததில்லை. ஒவ்வொருவருக்கும் பதில் எழுதினேன். ஒரே ஒருவர் மட்டும், வள்ளியூர்க்காரராம், "எங்க வீட்லயும் அப்பாவை இப்படித்தான் கூப்பிடுவோம். ஐயா சொல்றது சரிதான்" என்று எழுதியிருந்தார். அவரையும் கூட்டத்தோடு சேர்த்துக் கேலி செய்துவிட்டார்கள்.

பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகக் கூடத்துக்கு வந்தாள். "தள்ளி உக்காருங்கப்பா" என்று சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் போனில் அதையே படிக்க ஆரம்பித்தாள். சில பதில்களுக்கு வாய்விட்டுச் சிரித்தாள். சொர்ணமும் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

அப்போது ஒருவன் கேட்டிருந்தான்: "சரி, உங்க பொண்ணுன்னே வச்சுக்குவோம். அவ அப்படி கூப்பிட்டப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

இதற்கு மட்டும் எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். சொர்ணம் "அவன் கெடக்கான், விடுங்க" என்றாள். கடைசியில் உள்ளதை எழுதினேன். "எனக்குத் தெரியாது. இந்த வீட்டில்தான் இருந்திருப்பேன்."

பக்கத்தில் பேராச்சியின் விரல்கள் போனில் ஓடுவது தெரிந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரத்தில் என் பதிலுக்குக் கீழே ஒரு வரி வந்து நின்றது.

"இப்ப பக்கத்துலதான் இருக்காவ."

எழுதினவர் பெயர் பஞ்சுமெத்தை என்று இல்லை. கோ. பேராச்சிசெல்வி என்று இருந்தது.